குரல் நல்லா இருக்குன்னு சொல்லியே 3 மாதச் சம்பளத்தைக் கறந்துவிட்டார்கள்

நேற்று ராத்திரி தூக்கம் இல்லை. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு ஒளிபரப்பு, கால்பந்துப் பயிற்சி இரண்டையும் சேர்த்து ஆறே மாதத்தில் சொல்லித்தருகிறோம், முடித்தால் கோச்சிங் லைசென்ஸும் சேனலில் வேலையும் உறுதி என்று விளம்பரம் போடும் ஆன்லைன் பயிற்சித் தளம் ஒன்று. அதில் கட்டியது என் 3 மாதச் சம்பளம். பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது, நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள்.

நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். சேர்க்கைக்குப் பேசியவர் வீடியோ காலில் சத்தம் இல்லாத ஆட்டக் காட்சி ஒன்றைப் போட்டு, "ரெண்டு நிமிஷம் கமெண்டரி சொல்லுங்க சார்" என்றார். இடது ஓரத்திலிருந்து ஒரு கிராஸ், ஹெடர், கோல்கீப்பர் விரல் நுனியால் தட்டிவிட, பந்து கோல் கம்பத்தின் மேல் பாரில் பட்டு வெளியே. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "சார், இந்தக் குரல் எல்லாருக்கும் அமையாது. வீணாக்கிடாதீங்க." சின்ன வயதில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நானே கத்திக்கொண்டிருந்த ஆள் நான். உருகிவிட்டேன். அன்று ராத்திரியே பணம் போனது. மாணவர் குழுவில் பிறகு விசாரித்தால் எல்லோருக்கும் அதே காட்சி, அதே மௌனம், அதே வசனம்!

வகுப்பு என்று வந்ததெல்லாம் பழைய வீடியோக்கள். "உற்சாகமாகப் பேசுங்கள்" என்று ஒரு பாடம். வீரர்களின் பெயரை எப்படி உச்சரிப்பது, அவர்களின் சட்டை எண்ணையும் குறிப்பையும் ஒரே தாளில் எப்படி அடக்குவது, காதில் தயாரிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போது வாய் தடுமாறாமல் எப்படிச் சொல்வது, பக்கத்தில் உட்கார்ந்து கமெண்டரி சொல்லும் முன்னாள் வீரருக்கு எப்போது பேச இடம் விடுவது, ஒன்றும் இல்லை. ரீப்ளே, கிராஃபிக்ஸ், புள்ளிவிவரம் என்று மைக்குக்குப் பின்னால் எத்தனையோ வேலை இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கோச்சிங் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. பிரிண்ட் எடுத்து, 12 வயதுக்குட்பட்டோர் அணிக்கு உதவிப் பயிற்சியாளர் தேடிய கிளப்புக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் தாளைத் திருப்பி வெற்றுப் பின்பக்கத்தைப் பார்த்தார். "பதிவு எண் எங்கப்பா? எந்தச் சங்கம் கொடுத்தது?" அவர்தான் சொன்னார்: லைசென்ஸ் படிப்பு நடத்துவது அந்தந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம், அதற்கு மேல் ஆசியாவுக்கு ஏஎஃப்சி, ஐரோப்பாவுக்கு யூஃபா மாதிரி கூட்டமைப்புகள். சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக ஏற வேண்டும். யூஃபாவில் சி லைசென்ஸுக்கே குறைந்தது 60 மணி நேரம், புரோவுக்கு 360. மைதானத்தில் அணியை நடத்தியும் காட்ட வேண்டும். நான் ஆறு மாதத்தில் பந்தைக் காலால் தொடவே இல்லை. வெட்கமாக இருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "7 வேலை நாள்". அப்புறம் "மேனேஜர் லீவு". அப்புறம் "பாதிக்கு மேல வீடியோ பாத்துட்டீங்க, பாலிசிப்படி முடியாது". குரலைப் புகழ்ந்த அதே ஆள் கடைசியாகச் சொன்னது: "கோச்சுக்குப் பொறுமை வேணும் சார்." அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். 3 மாதச் சம்பளம் ஐயா, 3 மாதச் சம்பளம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. லைசென்ஸ் என்று யார் சொன்னாலும் உங்கள் நாட்டுச் சங்கத்திடமே கேளுங்கள். வேலை உறுதி என்றால் எழுத்தில் வாங்குங்கள். பேசிய அன்றே பணம் கட்டாதீர்கள். உங்கள் குரலைப் புகழ்ந்தால் போனை வையுங்கள். வங்கியில் புகார் கொடுக்க ரசீதைத் தேட வேண்டும், மீதி அப்புறம்.