பழைய பி450 போர்டுக்குப் புது கிராபிக்ஸ் கார்டு: எது கொடுக்கிற காசுக்குத் தகும்?

ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 16 ஜிபி ரேம், 1080பி மானிட்டர். 2019, 2020 வாக்கில் அளவான காசில் கேமிங் கம்ப்யூட்டர் கட்டியவர்கள் பலரிடம் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது இந்தக் கூட்டணிதான். கார்டு ஒன்றும் படுத்துவிடவில்லை. ஆனால் 6 ஜிபி மெமரி புதிய கேம்களுக்குப் பற்றுவதில்லை, சிறிய படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கி கேமின் வேகத்தைக் கூட்டும் டிஎல்எஸ்எஸ் கிடையாது. ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் ஹார்டுவேர் கட்டாயம் என்று கேட்கும் ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ போன்ற கேம்களை இதில் விளையாடவே வழியில்லை. எனவே அடுத்த கார்டு எது என்ற கேள்வி வந்துவிடுகிறது. ‘எது வேகமானது’ என்று தேடினால் நூறு வீடியோ கிடைக்கும். அந்த வீடியோக்களில் பெரும்பாலும் சோதிப்பது இன்றைய உச்ச பிராசசரில், கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட்டின் 5.0 தலைமுறையில். உங்கள் பெட்டியில் இருப்பது பழைய, மெதுவான 3.0 ஸ்லாட். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கார்டுதான் காரணமா?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு, வி-ரேம் (கார்டின் மெமரி), பிராசசரின் ஒவ்வொரு கோர் ஆகியவை திரையில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கேமின் வேகத்தை மானிட்டரோடு கட்டிப்போடும் வி-சிங்க்கை அணைத்துவிட்டு, எந்த இடத்தில் கேம் திணறுகிறதோ அங்கே நின்று பாருங்கள். ஜிபியு 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கார்டுதான் மூச்சு வாங்குகிறது. 60, 70 சதவீதத்திலேயே நின்றுகொண்டு பிரேம் (நொடிக்கு வரும் படங்கள்) மட்டும் விழுந்தால் பிராசசரோ ரேமோ இழுத்துப் பிடிக்கிறது. சந்தேகமாக இருந்தால் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்குங்கள். பிரேம் ஏறவில்லையென்றால் ஐம்பதாயிரம் ரூபாய் கார்டு வந்தாலும் ஏறாது.

பலரும் கவனிக்காத ஒன்று: சிபியு-இசட் என்ற மென்பொருளின் மெமரி பக்கத்தில் டிராம் அலைவரிசை 1066 என்று காட்டினால், 3200 என்று வாங்கிய ரேம் 2133இல்தான் ஓடுகிறது என்று பொருள். பயாஸில் (போர்டின் செட்டிங் பக்கம்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்கினால் 1600 என்று காட்டும். அதுதான் சரி, இருமடங்காக்கிப் படிக்க வேண்டும். ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி இருந்தால் இன்னொன்று சேர்த்து இரட்டைச் சேனலாக்குங்கள். பிராசசர்தான் காரணம் என்று தெரிந்தால், பயாஸை அப்டேட் செய்துவிட்டு அதே போர்டிலேயே ரைசன் 5 5600 போட்டுக்கொள்ளலாம். கார்டின் விலையில் ஒரு பகுதிதான் ஆகும்.

மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், விளையாடுவது வேலரன்ட்டும் சிஎஸ் 2ம் மட்டும் என்றால் இந்த அலசலே உங்களுக்குத் தேவையில்லை. 1660 சூப்பரே போதும். கையில் இருக்கும் காசை மானிட்டருக்குப் போடுங்கள்.

களத்தில் இருப்பவை

| கார்டு | வந்தது | அறிவித்த விலை | மெமரி | மெமரி வேகம் (நொடிக்கு) | ஸ்லாட் லேன் | மின்சாரம் |
|---|---|---|---|---|---|---|
| ஆர்டிஎக்ஸ் 3060 | 2021 | 329 டாலர் | 12 ஜிபி | 360 ஜிபி | 16 | 170 வாட் |
| ஆர்க் பி580 | 2024 | 249 டாலர் | 12 ஜிபி | 456 ஜிபி | 8 | 190 வாட் |
| ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி | 2025 | 349 டாலர் | 16 ஜிபி | சுமார் 320 ஜிபி | 16 | 160 வாட் |
| ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ | 2025 | 429 டாலர் | 16 ஜிபி | 448 ஜிபி | 8 | 180 வாட் |

ஆர்டிஎக்ஸ் என்விடியாவுடையது, ஆர்எக்ஸ் ஏஎம்டியுடையது, ஆர்க் இன்டெலுடையது. லேன் என்பது ஸ்லாட்டில் தரவு போய்வரும் பாதை. விலைகள் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டவை, வரி சேராதவை. இந்தியக் கடையில் 18 சதவீத ஜிஎஸ்டியும் இறக்குமதியாளர் லாபமும் ஏறும். அதனால் டாலரை ரூபாயாக்கிப் பார்த்து ‘ஏமாற்றுகிறார்கள்’ என்று பொங்க வேண்டாம். கார்டுகளுக்கு இடையே உள்ள விலை இடைவெளியை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

9060 எக்ஸ்டி, 5060 டிஐ இரண்டுக்கும் அதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு. பெட்டியின் படமும் ஒன்றுபோலவே இருக்கும். விலை மட்டும் 50 டாலர் குறைவு. பி450 போர்டுக்கு அந்த 8 ஜிபி வகையை இலவசமாகக் கொடுத்தால் வாங்குங்கள், காசுக்கு வேண்டாம். காரணம் சற்று விளக்க வேண்டியது.

லேன் கணக்கு

கார்டின் மெமரி நிரம்பிவிட்டால் மிச்சமுள்ள டெக்ஸ்சர்கள் கம்ப்யூட்டரின் ரேமுக்குத் தள்ளப்படும். தேவைப்படும்போதெல்லாம் பிசிஐஇ ஸ்லாட் வழியாகத் திரும்ப இழுக்க வேண்டும். 5060 டிஐ தன் சொந்த மெமரியிலிருந்து நொடிக்கு 448 ஜிபி எடுக்கிறது. ஸ்லாட் வழியாக எடுக்கும்போது? பிசிஐஇ 3.0இல் ஒரு லேனுக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. இந்தக் கார்டுக்கு எட்டு லேன்தான். ஆக 8 ஜிபி கூடத் தேறாது. ஐம்பதில் ஒரு பங்கு வேகம். நடந்துகொண்டே இருக்கையில் சட்டென்று ஒரு கணம் படம் உறைவது, சுவரின் டெக்ஸ்சர் மாவு பூசியதுபோல் மங்கி நின்று பிறகு தெளிவது எல்லாம் இதனால்தான். சராசரி பிரேம் எண்ணில் இது தெரியாது. மிக மெதுவான ஒரு சதவீதப் பிரேம்களைக் காட்டும் 1% லோ என்ற எண்ணில் தெரியும்.

அதே கார்டு 5.0 ஸ்லாட்டில் இருந்தால் எட்டு லேனிலும் 31 ஜிபிக்கு மேல் போகும், ஓரளவு சமாளிக்கும். அதாவது புதிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவரை விட, பழைய கம்ப்யூட்டரை மேம்படுத்துபவருக்குத்தான் எட்டு லேன் கார்டு அதிகம் இடிக்கிறது. மலிவான கார்டை வாங்குபவர் யாரோ அவருக்கே இந்தச் சிக்கனம் என்பதுதான் வேடிக்கை.

16 ஜிபி வகையில் மெமரி நிரம்புவது அரிது. அதனால் எட்டு லேனாலும் பெரிய சேதம் இல்லை. சில கேம்களில் சில சதவீதம் குறையும், அவ்வளவுதான். ‘ரைசன் 3600 பிசிஐஇ 4.0 ஆச்சே’ என்று யாராவது சொன்னால், பிராசசர் ஆதரித்தாலும் பி450 போர்டு 3.0தான் கொடுக்கும். எதிர்ப்பக்கக் கதையும் உண்டு: பி550 போர்டில் ரைசன் 5 5500 அல்லது 5600ஜி போட்டிருந்தால் போர்டு 4.0, பிராசசர் 3.0, முடிவு 3.0தான்.

ஒவ்வொன்றாக

9060 எக்ஸ்டி 16 ஜிபிதான் இந்தப் பெட்டிக்கு இயல்பாகப் பொருந்துவது. பதினாறு லேனும் உண்டு, மெமரியும் தாராளம். வேகமான பிராசசரோடு சோதித்தால் 1660 சூப்பரைப் போல இருமடங்கு. 3600இல் அந்த அளவு எல்லா கேமிலும் கிடைக்காது. ஆனால் செட்டிங்குகளை அல்ட்ராவுக்கு ஏற்றி, மிச்சச் சக்தியைப் படத்தின் தரத்துக்குத் திருப்பலாம். குறை என்றால் டிஎல்எஸ்எஸ்ஸுக்கு ஏஎம்டியின் பதிலான எஃப்எஸ்ஆர் 4. படம் நன்றாக இருக்கிறது. ஆதரிக்கும் கேம்கள் டிஎல்எஸ்எஸ் அளவுக்கு இல்லை.

5060 டிஐ 16 ஜிபி கேம்களில் அதைவிடச் சில சதவீதமே முந்துகிறது. அதற்கு 80 டாலர் கூடுதல் என்பது கேமுக்கு மட்டும் என்றால் தகாது. பிளெண்டரில் 3டி வேலை, வீடியோ எடிட்டிங், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுவது என்று வேலையும் இருந்தால் கதை மாறும். பிளெண்டரில் என்விடியாவின் ஆப்டிக்ஸ் ரெண்டர் நேரத்தில் தரும் லாபமும், நிற விவரம் கூடுதலாக உள்ள 4:2:2 வீடியோவை ஹார்டுவேரிலேயே கையாளும் வசதியும் அந்த 80 டாலரைச் சில மாதத்தில் திருப்பிக் கொடுக்கும். இடையிடையே ஏஐ உருவாக்கிய பிரேம்களைச் செருகும் ‘மல்டி பிரேம் ஜெனரேஷன்’ விளம்பரத்துக்காக வாங்க வேண்டாம். 30 பிரேமில் திணறும் கேமை அது 100க்கு மேல் காட்டும். ஆனால் மவுஸை அசைத்தால் கை உணர்வது அந்தப் பழைய 30தான்.

பி580ஐக் காகிதத்தில் பார்த்தால் ஆசை வரும்: இந்த விலைக்கு 12 ஜிபி வேறு யார் தருகிறார்கள்? ஆனால் அதன் டிரைவர் பிராசசர்மேல் ஏற்றும் சுமை அதிகம். 2025 தொடக்கத்தில் வந்த சோதனைகளில் ரைசன் 5 3600 போன்ற பிராசசர்களோடு சில கேம்களில் வெகுவாகச் சறுக்கியது. கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் நேரடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் இல்லாவிட்டால் இன்னும் மோசம். சும்மா இருக்கும்போது குடிக்கும் மின்சாரத்தைக் குறைக்க, பயாஸில் ஏஎஸ்பிஎம் என்ற மின்சாரச் சேமிப்பு செட்டிங்கை வேறு தேடி இயக்க வேண்டும். புது பிராசசர் உள்ளவருக்கு நல்ல கார்டு. இந்தப் பெட்டிக்கு அல்ல.

செகண்ட் ஹேண்ட் 3060 விஷயத்தில் விலைதான் எல்லாம். 1660 சூப்பரை விட மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வேகம். டிஎல்எஸ்எஸ் 4இன் புதிய அப்ஸ்கேலரும் இதில் ஓடும், பிரேம் ஜெனரேஷன் மட்டும் கிடையாது. புது 9060 எக்ஸ்டியின் விலையில் பாதிக்குள் கிடைத்தால் யோசிக்கலாம். அதற்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். வாங்குமுன் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட்டில் பஸ் அகலம் 192 பிட், மெமரி 12288 எம்பி என்று இருக்கிறதா பாருங்கள். 128 பிட், 8 ஜிபி கொண்ட 3060 என்றொன்று 2022 கடைசியில் வந்தது. பெயர் ஒன்றே, வேகம் கணிசமாகக் குறைவு. கார்டுக்கு முழுச் சுமை தரும் ஃபர்மார்க்கைப் பதினைந்து நிமிடம் ஓட்டி, ஜிபியு வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) இடைவெளி 25 டிகிரிக்கு மேல் போனால் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஓசிசிடி என்ற மென்பொருளின் வி-ரேம் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு பிரேமுக்கு எவ்வளவு?

சும்மா ஒரு கணக்குக்கு: புதுக் கார்டு 38,000 ரூபாய், பழையதை விற்றால் 7,000. கையிலிருந்து போவது 31,000. நீங்கள் விளையாடும் கேமில் 55இலிருந்து 105 ஆனால், கூடிய 50 பிரேமுக்கு ஒன்றுக்கு 620 ரூபாய். பிராசசர் தடுத்து 80லேயே நின்றால் அதே பிரேம் 1,240 ரூபாய். இந்தக் கணக்கை உங்கள் கேமுக்கு, உங்கள் பிராசசரில் வந்த சோதனை எண்ணை வைத்துப் போட வேண்டும். பவர் சப்ளை மாற்ற வேண்டியிருந்தால் அந்த விலையையும் சேர்க்க மறக்க வேண்டாம். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம்: 125 வாட்டிலிருந்து 160க்குப் போனால் தினம் மூன்று மணி நேரத்துக்கு மாதம் மூன்று யூனிட்தான் கூடும்.

மாட்டும்போது

3600 முழு வேகத்தில் 88 வாட் எடுக்கும், கார்டு 160 முதல் 180, மற்றவை 60 என்று வைத்தாலும் 330 வாட்தான். நல்ல தரமான 500 வாட் பவர் சப்ளை தாங்கும். பெயர் தெரியாத ‘500 வாட்’ தாங்காது. கார்டுக்குப் போவது 6+2 பின் கேபிள். பிராசசருக்கான 4+4 பின் ஏறக்குறைய அதே வடிவம்தான், அழுத்தி மாட்டிவிடாதீர்கள். மோலெக்ஸ் மாற்றி போட்டு எட்டு பின் ஆக்குவது தீப்பிடிக்க வழி.

ரீசைசபிள் பாருக்காக பயாஸில் பழைய முறையில் கம்ப்யூட்டரைத் தொடங்க விடும் சிஎஸ்எம்மை அணைத்தவுடன் விண்டோஸ் திறக்காமல் போனால் பயப்பட வேண்டாம். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது. சிஎஸ்எம்மை மறுபடி இயக்கி, விண்டோஸுக்குள் போய், முக்கியமான ஃபைல்களுக்குப் பேக்அப் எடுத்துக்கொண்டு, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றிவிட்டு, பிறகு அணையுங்கள். என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறுபவர்கள் சேஃப் மோடில் டிடியு என்ற கருவியைப் போட்டுப் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுத்தான் கார்டைக் கழற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஜிபியு-இசட்டைத் திறந்து ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ வரிக்குப் பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் சோதனையை ஓட்டுங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டுவது மின்சாரச் சேமிப்பு, குறையில்லை. சோதனை ஓடும்போது 9060 எக்ஸ்டிக்கு ‘எக்ஸ்16 3.0’ வர வேண்டும். எக்ஸ்4 என்று வந்தால் இரண்டாவது ஸ்லாட்டில் செருகியிருக்கிறீர்கள், அல்லது கார்டு முழுதாக உட்கார்ந்து தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழவில்லை. கழற்றி மேல் ஸ்லாட்டில் மறுபடி அமர்த்துங்கள்.