மேத்யூஸா, ஃபின்னியா: வலது ஓரத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பெயர்

நண்பர்கள் நால்வர் சேர்ந்து, பழைய இங்கிலாந்து கால்பந்து ஆட்டக்காரர்களைக் கொண்டு பதினொரு பேர் அணி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். 1961-க்கு முன், ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்த காலத்தில் பெயர் எடுத்தவர்கள் மட்டுமே அதில் இடம்பெறலாம். அன்றைய வழக்கப்படியே மாற்று ஆட்டக்காரர் கிடையாது. முன்வரிசையின் இடது ஓரத்தை ஆர்சனல் அணியின் கிளிஃப் பாஸ்டினுக்குக் கொடுத்துவிட்டார்கள். வலது ஓரம் என் பொறுப்பில் வந்தது. அங்கே இரண்டே பெயர்கள்தான் நின்றன: ஸ்டான்லி மேத்யூஸ், டாம் ஃபின்னி. இரண்டு வாரம் யோசித்து ஃபின்னியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். மற்ற மூவரும் மேத்யூஸை எதிர்பார்த்திருந்தார்கள். என் காரணங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பொதுவானவற்றை முதலில் சொல்லிவிடலாம். இருவரும் தொழில் நகரங்களில் பிறந்தவர்கள். மேத்யூஸ் மண்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக்கில் 1915-இல், ஃபின்னி நெசவாலை நகரமான பிரெஸ்டனில் 1922-இல். முரட்டு ஆட்டத்துக்காக நடுவர் குறிப்பேட்டில் இருவர் பெயரும் ஏறியதில்லை. இருவருக்குமே இரண்டாம் உலகப் போர் ஆறு ஆண்டுகளைத் தின்றது. இருவருமே பின்னாளில் 'சர்' பட்டம் பெற்றார்கள். இவற்றை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது.

மேத்யூஸின் பெருமை அவருடைய ஆயுள். 17 வயதில் ஸ்டோக் சிட்டியில் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்தவர், 1965 பிப்ரவரி 6 அன்று அதே ஸ்டோக்குக்காகக் கடைசி லீக் ஆட்டத்தை ஆடியபோது அவருக்கு 50 வயது தாண்டி ஐந்து நாள். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான 'தங்கப் பந்து' (பாலோன் டோர்) விருது 1956-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதை வாங்கியவர் 41 வயது மேத்யூஸ். குடி இல்லை, புகை இல்லை, திங்கட்கிழமை தோறும் உபவாசம், விடியற்காலையில் பிளாக்பூல் கடற்கரையில் ஓட்டம். அவருடைய தந்தை ஜாக், முடிதிருத்துபவர், குத்துச்சண்டை வீரரும்கூட. உடலைக் கருவியாகப் பேணும் ஒழுக்கம் அந்த வீட்டிலிருந்து வந்தது. 1961-இல் 46 வயதில் அவர், இடையில் ஆடிவந்த பிளாக்பூல் அணியை விட்டு ஸ்டோக்குக்குத் திரும்பியபோது, முந்தைய உள்ளூர் ஆட்டத்துக்கு 8,409 பேர் வந்திருந்த மைதானத்துக்கு 35,974 பேர் வந்தார்கள். ஒரு மனிதரைப் பார்ப்பதற்காக ஒரு நகரமே எழுந்து வந்தது. அடுத்த பருவத்திலேயே ஸ்டோக் இரண்டாம் டிவிஷனை வென்று மேலே ஏறியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

பிறகு 1953-இன் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். போல்ட்டனிடம் 3-1 என்று பின்தங்கியிருந்த பிளாக்பூல் 4-3 என்று வென்றது. மூன்று கோல் அடித்தவர் ஸ்டான் மார்ட்டென்சன். வெற்றி கோல் அடித்தவர் பில் பெரி. ஆனாலும் அதை 'மேத்யூஸ் இறுதி' என்றே இன்றுவரை அழைக்கிறார்கள். கடைசி நிமிடங்களில் வலது ஓரத்தில் அவர் செய்தது அப்படிப்பட்டது.

ஆனால் அந்த ஆட்டத்தின் இன்னொரு பக்கம்தான் என் முடிவை மாற்றியது. போல்ட்டனின் நடுவரிசையில் இடது பக்கம் ஆடிய எரிக் பெல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தொடைத் தசை பிடித்து நொண்டினார். மாற்று ஆட்டக்காரர் இல்லாத காலம். அவரை வெளியே அனுப்பினால் பத்துப் பேர். உள்ளே வைத்தால் பத்தரைப் பேர். அவரை இடது ஓரத்துக்குத் தள்ளி, மற்றவர்களை இழுத்துப்போட்டு ஒப்பேற்றினார்கள். நொண்டிக்கொண்டே அவர் தலையால் ஒரு கோல்கூட அடித்தார். ஆனால் மேத்யூஸைத் தடுக்க வேண்டிய இடது பக்கம் ஓட்டையாகிவிட்டது. அங்கே நின்ற பின்வரிசைக்காரர் ரால்ஃப் பேங்க்ஸுக்கும் காலில் தசைப்பிடிப்பு. மேத்யூஸின் திறமையை இது குறைக்காது. ஓட்டையைக் கண்டு அங்கேயே திரும்பத் திரும்ப அடிப்பதும் கலைதான். நான் பார்ப்பது போல்ட்டனின் பக்கம். ஒருவர் விழுந்தால் அணி முழுவதும் இடம் மாற வேண்டிய காலம் அது. இங்கிலாந்து லீக்கில் மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தது 1965-66 பருவத்தில்தான், அதாவது மேத்யூஸ் ஓய்வு பெற்ற பிறகு. அந்தக் காலத்து அணிக்கு ஆள் எடுக்கிறோம் என்றால், 'தன் இடத்தில் எவ்வளவு நன்றாக ஆடுவார்' என்பதோடு 'தன் இடம் இல்லாதபோது என்ன ஆவார்' என்றும் கேட்டாக வேண்டும்.

மேத்யூஸைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு விடை மெலிவானது. வலது ஓரக் கோட்டை ஒட்டி, பின்வரிசைக்காரரைத் தன்னிடம் வரவழைத்து, உள்பக்கம் சாய்வதுபோல் காட்டி வெளிப்பக்கம் பாய்வது அவருடைய வித்தை. எல்லோருக்கும் தெரியும், யாராலும் தடுக்க முடியாது. 1937-இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து 5-4 என்று வெல்ல வைத்ததும் உண்டு. ஆனால் இங்கிலாந்துக்காக 54 ஆட்டங்களில் மொத்தம் 11 கோல்தான். அவரை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியே எழுந்ததில்லை. நிறுத்த ஒரே ஒரு இடம்தான்.

ஃபின்னி பிறப்பிலேயே இடது கால் பழக்கம் உள்ளவர். வலது காலைப் பயிற்சியால் பழக்கிக்கொண்டு வலது ஓரத்துக்கு வந்தவர். 1946 செப்டம்பரில் பெல்ஃபாஸ்டில் அவர் இங்கிலாந்துக்கு முதன்முதலாக ஆடியதே மேத்யூஸ் காயப்பட்டிருந்ததால்தான். முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். உடனே பத்திரிகைகள் 'இவரா அவரா' என்று சண்டை மூட்டின. மூட்டியவர்களுக்கு 1947 மே மாதம் லிஸ்பனில் பதில் கிடைத்தது. வலதில் மேத்யூஸ், இடதில் ஃபின்னி. போர்ச்சுகல் 10-0 என்று தோற்றது. இருவரும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். இதில் இடம் மாறியவர் யார் என்று பாருங்கள். மேத்யூஸ் இருந்த இடத்தில் இருந்தார், ஃபின்னி நகர்ந்தார்.

அப்படி அவர் நகர்ந்துகொண்டே இருந்தார். இங்கிலாந்துக்காக ஆடிய 76 ஆட்டங்களில் 40 வலது ஓரத்தில், 33 இடது ஓரத்தில், 3 நடு முன்வரிசையில். கோல்கள் 30. தன் ஊர் அணியான பிரெஸ்டனிலும் முப்பது வயது தாண்டிய பிறகு நடு முன்வரிசைக்கு மாறினார். 1957-58 பருவத்தில் அந்த அணி முதல் டிவிஷனில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. 36 வயதில் 1958 உலகக் கோப்பைக்குப் போய், சோவியத் அணிக்கு எதிராக இடது ஓரத்தில் ஆடி, பெனால்டியை கோலாக்கி ஆட்டத்தைச் சமன் செய்தார். அதே ஆட்டத்தில் காயப்பட்டு அதன்பின் அந்தத் தொடரில் ஆடவில்லை. எங்கள் அணியில் பாஸ்டின் நொண்டினால் ஃபின்னி இடது பக்கம் போவார். நடுவில் நிற்பவர் விழுந்தால் நடுவுக்கு வருவார். ஒரு பெயருக்கு மூன்று ஆட்டக்காரர்கள். மாற்று ஆட்டக்காரர் இல்லாத அணிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் இவர்கள் இருவரையும் பார்த்தது கறுப்பு வெள்ளை செய்திப்படத் துண்டுகளில் மட்டும். அந்தத் துண்டுகளில் மேத்யூஸ்தான் கண்ணைப் பறிக்கிறார். கேமரா ஓரக் கோட்டில் நின்றால் அவர் அதற்காகவே ஆடுவதுபோல் இருக்கிறது. ஃபின்னியின் ஆட்டம் மைதானம் முழுவதும் பரவியது. துண்டுப் படத்தில் அடங்காது. நேரில் உட்கார்ந்து பார்த்திருந்தால் என் முடிவு மாறியிருக்குமா? மாறியிருக்கலாம். கோலுக்கு முந்தைய பாஸை யாரும் எண்ணாத காலம் அது. எண்ணியிருந்தால் மேத்யூஸின் கணக்கு வேறு மாதிரி தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஃபின்னிக்கு எதிராக என் நண்பர்கள் வைத்த வாதம் கோப்பைகள். பெரிய கோப்பை ஒன்றைக்கூட அவர் தொட்டதில்லை. 1953-இல் லீக் பட்டம் கோல் விகிதத்தில் (அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள விகிதம்) ஆர்சனலிடம் போனது. 1954 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெஸ்ட் பிராம் அணியிடம் 3-2 என்று தோல்வி. ஆனால் 1952-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். இத்தாலியின் பலேர்மோ அணி 10,000 பவுண்டு முன்பணம், மாதம் 130 பவுண்டு, மாளிகை, கார் தருவதாக அவரைக் கேட்டது. இங்கிலாந்தில் அப்போது உச்சவரம்பு வாரம் 14 பவுண்டு. பிரெஸ்டன் நிர்வாகம் மறுத்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு அணியிடமே இருக்கும் முறை அது. அணி விடாமல் வேறெங்கும் போக முடியாது. அவர் திரும்பி வந்து ஆடினார். வார நாள்களில் பிளம்பர் வேலையையும் பார்த்தார். பந்தை நம்பும் முன் ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள் என்று தந்தை வற்புறுத்தியதால் பதினான்கு வயதில் தொடங்கிய வேலை அது. 433 லீக் ஆட்டங்கள், 187 கோல்கள், எல்லாம் ஒரே அணிக்கு. 1960-இல் காயத்தால் அவர் விலகினார். 1961-இல் பிரெஸ்டன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது, இன்றுவரை ஏறவில்லை. அந்த அணியை இத்தனை காலம் தாங்கியவர் யார் என்பதற்கு எனக்கு இதுவே சாட்சி.

மேத்யூஸை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வலிக்கும் ஒரே இடம் அவருடைய பின்னாள் வாழ்க்கை. 1975-இல், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில், சொவெட்டோவின் கறுப்பினச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அந்த அணியைப் பிரேசிலுக்கே அழைத்துச் சென்றார். மனிதரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அங்கே நான் தயங்குவேன்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது அணி. ஃபின்னி ஓய்வு பெற்று மூன்று ஆண்டு கழித்து, 1963-இல், வட அயர்லாந்தின் டிஸ்டில்லரி அணி ஐரோப்பியக் கோப்பையில் போர்ச்சுகலின் பென்ஃபிகாவுடன் மோத வேண்டியிருந்தது. ஆள் வேண்டும் என்று அவரைக் கேட்டார்கள். 41 வயதில் போய் ஆடினார். எதிரே பென்ஃபிகாவின் நட்சத்திரம் யூசெபியோ. ஆட்டம் 3-3.