ஒரே தோட்டா, மூன்று பெட்டி: .22-வோடு ஒரு காலை

நான் முதன்முதலில் துப்பாக்கியைத் தோளில் வைத்தது தமுக்கம் மைதானத்தில், சித்திரைப் பொருட்காட்சியின் பலூன் கடையில். குழல் கோணலாக இருக்கும். பலூனுக்கு நான்கு விரல் இடப்பக்கம் குறிவைத்தால்தான் உடையும். அந்தக் கணக்கைக் கண்டுபிடிக்கவே அப்பாவின் காசு முழுக்கக் கரைந்தது. மின்வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிள்ளைகள் படிப்பெல்லாம் முடிந்த பிறகுதான் ரைபிள் கிளப்பில் உறுப்பினரானேன். 11 வருஷம் ஆகிறது. இதுவரை சுட்டதெல்லாம் காகிதம் மட்டுமே, ஒரு காக்கைகூட என்னால் பறந்தது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வேட்டைப் பேச்சும் வரும்.

போன மே மாதம் அக்கா மகன் டெக்சாஸிலிருந்து வந்திருந்தான். அங்கே நண்பர்களின் பண்ணைகளில் காட்டுப்பன்றி சுடுகிறவன். அவனைக் கிளப்புக்குக் கூட்டிப்போனேன். பெட்டியிலிருந்து ஒரு .22 தோட்டாவை (.22 என்பது குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில்) எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். “என்ன மாமா, தீபாவளி கேப்பு மாதிரி இருக்கு” என்றான்.

சரி, கேப்பு என்ன செய்யும் என்று பார்ப்போம் மாப்ளே என்று மூன்று பெட்டிகளை மேஜையில் வைத்தேன். முதலாவது எஸ்.கே. ஸ்டாண்டர்ட் ப்ளஸ், நான் வழக்கமாக வாங்குவது. இரண்டாவது ஈலி டெனெக்ஸ், மாநிலப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் ஒரு மாணவியிடம் கெஞ்சி வாங்கிய 10 தோட்டா. மூன்றாவது, ஒரு பழைய உறுப்பினரின் அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடந்த ஹை வெலாசிட்டி வகை, 20 தோட்டா. அதன் கம்பெனிப் பெயர் வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

மூன்றும் ஒரே அளவு, ஒரே கேஸ் (மருந்தை அடைத்திருக்கும் உலோகக் கூடு), ஒரே 40 கிரெயின் ஈயக் குண்டு. நம் கணக்கில் 2.6 கிராம். 1887-ல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. கேஸின் அடிவிளிம்புக்குள்ளே பற்றுமருந்து சுற்றிலும் பூசியிருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் பற்றும். மாறுவது வேகம் மட்டும்தான். அந்த ஒரு மாற்றத்திலேயே தோட்டாவின் குணம் மொத்தமும் மாறிவிடுகிறது.

எஸ்.கே. குழலை விட்டு விநாடிக்கு சுமார் 327 மீட்டரில் கிளம்புகிறது. டெனெக்ஸ் 331. ஹை வெலாசிட்டி வகைகள் பொதுவாக 375-ஐ ஒட்டி. ஒலியின் வேகத்தை 340 என்று பள்ளியில் படித்திருப்போம், அது 15 டிகிரிக் குளிரில். நாங்கள் சுட்ட அன்று காலை ஒன்பதரைக்கே 34 டிகிரி. அந்தச் சூட்டில் ஒலி 352 மீட்டரில் ஓடும். அதாவது நம் மதுரை வெயில் ஒரு சலுகை தருகிறது: எஸ்.கே.-வும் டெனெக்ஸும் ஒலியைத் தாண்டாமல் நல்ல இடைவெளி விட்டுப் பின்னாலேயே போகின்றன. உறைபனிக் குளிரில் ஒலியே 331-தான், அங்கே டெனெக்ஸ் விளிம்பில் நிற்கிறது. வெயிலுக்கு நன்றி சொல்ல வேறு காரணம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

ஒலியைத் தாண்டாவிட்டால் என்ன லாபம்? சுடும்போது கேட்பது ஒரு சத்தமில்லை, இரண்டு. குழல் முனையில் வாயு வெடித்து வரும் ‘டப்’ ஒன்று. குண்டு ஒலியை முந்திப் போனால் காற்றைக் கிழிக்கும் ‘பட்டீர்’ இன்னொன்று. சாட்டைச் சொடுக்கு மாதிரி இருக்கும். சைலன்சர் என்று நாம் சொல்லும் சாதனத்தால் முதல் சத்தத்தை மட்டுமே குறைக்க முடியும். இரண்டாவது குண்டோடு கூடவே போவதால் அதற்குக் குழலில் மாட்டிய எதுவும் பிடிபடாது. ஆகவே அமைதியாகச் சுட வேண்டுமென்றால் முதலில் மெதுவான தோட்டா வேண்டும். எங்கள் கிளப்பில் சைலன்சர் கிடையாது, இந்தியாவில் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. ஆனாலும் ரைபிளின் 26 அங்குலக் குழலே பாதி வேலையைச் செய்கிறது. இந்தக் குட்டித் தோட்டாவின் மருந்து 16 அங்குலத்துக்குள்ளாகவே எரிந்து தீர்ந்து, மிச்ச நீளத்தில் வாயு சாந்தமாகிவிடும். அதற்காகக் காதடைப்பு இல்லாமல் சுடாதீர்கள். ‘டப்’ என்று கேட்டாலும் அது காதுக்குக் கேடான அளவுதான்.

50 மீட்டர், படுத்த நிலை, மணல் மூட்டைத் தாங்கல். எஸ்.கே.-யில் பத்துப் பத்தாக ஐந்து தாள் சுட்டோம். என் நல்ல தாளில் பத்துத் துளையும் 22 மில்லிமீட்டருக்குள் அடங்கின. டெனெக்ஸ் 16. போட்டித் தாளில் பத்து மதிப்பெண் வட்டமே 10.4 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால் அந்த 6 மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிது. இதே தூரத்தில், இதே அளவுத் தோட்டாவில்தான் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினார். என்னைப் போன்ற ஆளுக்கு அந்த வித்தியாசம் தேவையா? தேவையில்லை. என் மூச்சே 10 மில்லிமீட்டர் ஆட்டுகிறது. எஸ்.கே. ஒன்று சுடும் காசுக்கு ஒரு டீயும் வடையும் ஆகும். டெனெக்ஸ் என்றால் கூடவே ஒரு பருத்திப்பாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஹை வெலாசிட்டி. முதல் தோட்டாவிலேயே பக்கத்து வரிசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ‘பட்டீர்’. மருமகன் முகத்தில் சிரிப்பு வந்தது. தாளைப் பார்த்ததும் போய்விட்டது. 45 மில்லிமீட்டர் சிதறல். வேகமாகப் போவது நேராகப் போகும் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது வேறு. 375-ல் கிளம்பும் குண்டு 50 மீட்டருக்குள்ளேயே 340-ஐ ஒட்டிக் குறைந்துவிடுகிறது. அதாவது தாளைத் தொடுவதற்கு முன்பே ஒலி வேகத்தைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் குண்டு தள்ளாடும். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு 20-ல் 2 வெடிக்கவே இல்லை. விளிம்பில் ஊசியின் தடம் அழகாகப் பதிந்திருந்தது, உள்ளே மருந்து ஊமையாக இருந்தது. இப்படி நடந்தால் குழலைக் குறியை நோக்கியே வைத்து அரை நிமிஷம் பொறுத்து, பிறகுதான் போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கப் பூட்டை, திறக்க வேண்டும். மருமகன் சட்டென்று திறக்கப் போனான், ரேஞ்சில் நிற்கும் அண்ணன் போட்ட சத்தத்தில் கை நின்றது.

டீ இடைவேளையில் அவன் தன் தோட்டாவைப் பற்றி ஆரம்பித்தான். .300 பிளாக்அவுட். அங்கே சாதாரணமாகப் புழங்கும் .223 ரைபிள் தோட்டாவின் கேஸை 35 மில்லிமீட்டருக்குக் குட்டையாக்கி, வாயில் பெரிய குண்டைச் செருகியது. அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பு 2011-ல் ஏற்றுக்கொண்டது. அந்த அமைப்பின் பெயர்ச்சுருக்கத்தை (SAAMI) நான் ‘சாமி’ என்றே படித்தேன். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே: சைலன்சர் மாட்ட அங்கேயும் 1934-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும்.

அந்தத் தோட்டாவின் பெருமையே இரட்டை வேஷம் என்கிறான். 110 கிரெயின் குண்டைப் போட்டால் விநாடிக்கு 700 மீட்டருக்கு மேல். அதே துப்பாக்கியில், அதே மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூட்டில்) 220 கிரெயின் குண்டைப் போட்டால் 308 மீட்டர், ஒலிக்குக் கீழே. சைலன்சரோடு சுட்டால் துப்பாக்கியின் உறுப்புகள் அசையும் சத்தம் காதில் விழுமாம். நான் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். வேகமான குண்டின் சக்தி ஏறத்தாழ 1,800 ஜூல், மெதுவானது 680. நம் .22 வெறும் 139. “மெதுவானதில் பன்றி விழுமா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “கிட்டத்தில், சரியான இடத்தில் பட்டால் விழும் மாமா. நான் வேகமானதைத்தான் வைத்துக்கொள்வேன்” என்றான். மெதுவான குண்டு உள்ளே போய் விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும், அடிபட்ட பன்றி காட்டுக்குள் ஓடிச் சாகும். இன்னொரு பயமும் சொன்னான். கேஸின் அடி ஒன்றே என்பதால் .300 தோட்டா தவறி .223 துப்பாக்கிக்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளக் கூடும். சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும். இரண்டு துப்பாக்கியும் வைத்திருப்பவர்கள் மேகசின்களுக்கு வேறு வேறு கலர் டேப் ஒட்டிவைப்பார்களாம். ஒரே தோட்டா எல்லாம் செய்யும் என்பதற்கு இதுவும் ஒரு விலை.

எனக்கு அப்பாவின் நினைப்பு வந்தது. பேரையூர் பக்கம், சாப்டூர் மலையடிவாரத்தில் எங்கள் நிலம். அப்பாவிடம் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி இருந்தது. மக்காச்சோளம் பால்பிடிக்கும் சமயத்தில் பரணில் படுத்திருப்பார். பன்றியைக் குறிவைத்துச் சுட்டதே இல்லை. வானத்தைப் பார்த்து ஒன்று. அந்த இடியில் மலை திருப்பிச் சத்தம் போடும், கூட்டம் கலையும். அவருக்கு வேண்டியது சத்தம். என் மருமகனுக்கு வேண்டியது சத்தமில்லாமை. 12 போரில் சைலன்சர் மாட்டியிருந்தால் அப்பா அதை ஆற்றில் வீசியிருப்பார்.

இன்று அந்த நிலத்தை அக்காதான் பார்க்கிறாள். பக்கத்துக் காடு 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பன்றியை நாம் தொடக்கூடாது. 2025-ல் பன்றியைச் சுட அரசு கொடுத்த அனுமதியும் வனத்துறைக்குத்தான், அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால். அக்காவின் வரப்பில் நின்று கல்லெறிந்தால் காட்டில் விழும். பழைய சேலைகளை வேலி மாதிரி கட்டி, ராத்திரி தகரம் தட்டுகிறாள். “அமெரிக்காவில் பன்றி சுடுறியாமே, இங்கே வந்து தகரமாவது தட்டு” என்று மகனிடம் சொன்னாள்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து: புதிதாகச் சேர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாதாரண வேக வகையையே வாங்குங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் ‘லாட்’ எண்ணை (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) குறித்துவைத்து, உங்கள் குழலுக்குப் பிடித்துப்போனால் அதே எண்ணில் இன்னும் நாலு பெட்டி கேளுங்கள். அடுத்த லாட் வேறு மாதிரி சுடும். பெட்டியை வெயிலில் வைக்கவே கூடாது. குண்டின் மேல் பூசிய மெழுகு இளகினால் மேஜைத் தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு குழலுக்குள் போகும். மே மாதத்தில் நான் தெர்மாகோல் டப்பாவில் கொண்டுபோகிறேன், பார்ப்பவர்கள் ஐஸ்கிரீம் என்று நினைக்கிறார்கள். ஆடி மாதம் வேறு பிரச்சினை. மேல்காற்று குறுக்கே மணிக்கு 16 கிலோமீட்டரில் வீசினாலே 50 மீட்டரில் குண்டை ஓர் அங்குலம் தள்ளும். கொடி துவளும் நேரம் பார்த்துச் சுடுவது தவிர வழியில்லை. 50 மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கியில் 100 மீட்டர் முயன்றால் ஒரு சாணுக்கு அருகில் கீழே விழும், முதல் தாளில் துளையே காணோம் என்று பதறாதீர்கள்.

ஒரு குறை எஸ்.கே.-யிலும் உண்டு. புதுப் பெட்டியில் முதல் ஐந்து ஆறு தோட்டா கொஞ்சம் அலைகிறது. குழலில் பழைய தோட்டாவின் மெழுகு மாறி இதன் மெழுகு படியும்வரை அப்படித்தான். அவற்றைக் கணக்கில் சேர்க்காத தாளில் சுட்டுத் தீர்த்துவிடுவேன்.

கிளம்பும்போது காலி கேஸ்களை எண்ணி ஒப்படைக்க வேண்டும். 80 தோட்டாவில் வெடிக்காதவை 2, ஆக கேஸ் 78. மருமகன் எண்ணினான், 77. மேஜைக்கு அடியில், பாய்க்கு அடியில், மணல் மூட்டை மடிப்பில் எல்லாம் தேடினோம். ரேஞ்ச் அண்ணன் ரிஜிஸ்டரை மூடிவைத்துவிட்டு, “கிடைக்கிற வரைக்கும் யாரும் டிபனுக்குப் போகலை” என்றார். கால் மணி நேரம் கழித்து மருமகன் தன் பேன்ட்டின் கீழ்மடிப்பை உதறினான். கணீரென்று தரையில் விழுந்தது.