வலிப்பை அறிவிக்கும் கைப்பட்டை: ஓராண்டு அனுபவம்

எங்கள் மகளுக்கு வலிப்பு நோய் என்று உறுதியான நாளிலிருந்து நானும் என் கணவரும் ஒரே நேரத்தில் தூங்கியதில்லை. அவளுக்குப் பெரும்பாலும் விடியற்காலைத் தூக்கத்தில்தான் வலிப்பு வரும் என்பதால், ஒருவர் படுக்கும்போது மற்றவர் அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்போம். மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்த பிறகு, நரம்பியல் மருத்துவரிடம் கலந்து பேசி, வலிப்பு வந்தால் எங்கள் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் கைப்பட்டை ஒன்றை வாங்கினோம்.

இது கையின் அசைவையும் தோலின் மின்கடத்தும் தன்மையில் ஏற்படும் மாற்றத்தையும் சேர்த்துக் கணிக்கிறது. ஆகவே உடல் விறைத்து, கை கால்கள் வெட்டி இழுக்கும் வலிப்பை நன்றாகவே கண்டுபிடிக்கிறது. இந்த ஓராண்டில் இரவில் வந்த ஏழில் ஆறை அறிவித்தது. தவறிய ஒன்றின்போது பட்டை தளர்ந்து மணிக்கட்டில் சுழன்று கிடந்தது. ஆனால் சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் வலிப்பை இது அறியாது. எனவே குழந்தைக்கு வருவது எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளியாமல் யாரும் வாங்க வேண்டாம்.

இதன் உண்மையான பயனை நான் உணர்ந்தது ஒரு விடியற்காலை நான்கு மணிக்கு. மணி அடித்ததும் ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். என் கணவர் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, செயலி காட்டிய தொடக்க நேரத்திலிருந்து நிமிடங்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. முன்பெல்லாம் அவளை அந்த நிலையில் பார்க்கும்போது வலிப்பு எப்போது தொடங்கியது என்பதே தெரியாமல் தவித்திருக்கிறோம். அன்று இரண்டாவது நிமிடத்தில் தானாகவே நின்றது. மருந்துக்குத் தேவை ஏற்படவில்லை.

குறைகளும் உண்டு. பல் துலக்கினாலும் கைதட்டினாலும் மணி அடிக்கிறது. முதல் மாதத்தில் நள்ளிரவுப் பொய் எச்சரிக்கைகளால் அதிகம் வாடியவன் எங்கள் இளைய மகன்தான், ஒவ்வொரு முறையும் தலையணையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று, "அக்காவுக்கு வந்துடுச்சாம்மா?" என்று கேட்பான். நோய் ஒரு பிள்ளைக்கு என்றாலும் தூக்கம் கெடுவது வீட்டில் எல்லோருக்கும்தான். நாளாக நாளாகப் பொய் எச்சரிக்கைகள் குறைந்தன.

மன்னிக்க முடியாதது வேறொன்று: சந்தா முடிந்த அன்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எச்சரிக்கைச் சேவையை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலை செயலியைத் திறந்தபோதுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

விற்பனையாளர் இதை உயிர்காக்கும் கருவி என்று சொன்னதையும் நான் ஏற்கவில்லை. வலிப்பு நோயுள்ள குழந்தைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,500 பேரில் ஒருவருக்கு எதிர்பாராத திடீர் மரணம் நேர்கிறது; இத்தகைய கருவிகள் அதைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்து வலிப்பைக் கட்டுக்குள் வைப்பதே முதன்மையான பாதுகாப்பு.

இத்தனைக்குப் பிறகும், இரவில் வெட்டி இழுக்கும் வலிப்பு வரும் பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். இப்போது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஐந்து மணி நேரமாவது தூங்குகிறோம். சந்தா முடியும் தேதியை மட்டும் நீங்களே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.