பேட்டர்ன் கீப்பர் ஆப்: பெரிய கிராஸ் ஸ்டிச் படத்துல பேஜ் கோடு தெரியாம போட உதவுதா?

உதவுது, ஆனா பாதிதான் ஆப் பண்ணும், மீதி நம்ம கையிலயும் ஊசிலயும் இருக்கு. ரெண்டையும் சேர்த்தே சொல்லிடுறேன். கிராஸ் ஸ்டிச்னா துணிக் கட்டத்துல X X-ஆ நூல் போடறது, பேஜ் கோடுன்னா சார்ட்ல ஒரு பேஜ் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கற இடத்துல படத்துல விழற கோடு.

நான் தர்மபுரி. ஒகேனக்கல் அருவி போட்டோவை பேட்டர்னா மாத்தி போட்டுட்டு இருக்கேன், 300க்கு 400 கட்டம், துணியே வெளிய தெரியாம முழுசா நிரப்புற படம். மொத்தம் 1,20,000 தையல், 14 கவுண்ட் ஐடால (ஒரு இன்ச்சுக்கு 14 கட்டம் இருக்கற துணி) போட்டா சுமாரா இருபத்தொன்றரை இன்ச்சுக்கு இருபத்தெட்டரை இன்ச் வரும். பிடிஎஃப்ல 25 பேஜ். இவ்ளோ பெரிய படத்துல ஒவ்வொரு பேஜா நேர் கோட்டுல முடிச்சு முடிச்சு போனா என்ன ஆகும்னு எங்க அத்தை வீட்டு ஹால்ல போய் பார்த்தா போதும். அவங்க போட்ட மயில் அவ்ளோ அழகு, ஆனா சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழறப்போ கழுத்துக்கு நடுவுல மேல இருந்து கீழ வரை நேரா ஒரு கோடு. அதே நம்பர் நீல நூல்தான், ஒரு தையல் கூட எண்ணிக்கை தப்பல, இருந்தும் தெரியுது.

காரணம் என்னன்னா ஒரு பேஜோட ஓரத்துல இருக்கற ஓட்டைங்க எல்லாத்துலயும் ஏற்கனவே நூல் நிக்குது, கொஞ்ச நாள் கழிச்சு பக்கத்து பேஜ் ஆரம்பிக்கறப்போ அதே ஓட்டைங்கள்ல வரிசையா மறுபடி ஊசி போகுது, பழைய நூல் நகருது, அப்ப இருந்த கை இழுப்பு வேற இப்ப இருக்கற இழுப்பு வேற. இது அங்கங்க நடந்தா கண்ணுக்கே தெரியாது, ஒரே நேர் கோட்டுல 80 தையலுக்கு நடந்தா உடனே தெரிஞ்சிடும். அதனால ஓரம் நேரா முடியவே கூடாது, ரம்பப் பல்லு மாதிரி ஏறி இறங்கி முடியணும், ஒரு வரிசை அஞ்சு தையல் தாண்டிப் போகட்டும், அடுத்தது ரெண்டோட நிக்கட்டும், அதுக்கடுத்தது பத்து போகட்டும். ஒரு கலர் அடுத்த பேஜுக்குள்ள ஓடுச்சுன்னா அது எங்க முடியுதோ அங்க வரைக்கும் பின்னாடியே போயிடணும்.

இதை பேப்பர்ல பண்றது எவ்ளோ கஷ்டம்னு போட்டவங்களுக்குத் தெரியும், பேஜ் 7ல இருந்து பேஜ் 8ஐ எடுத்து பக்கத்துல வச்சு, கீழ போறதுக்கு பேஜ் 12ஐத் தேடி, ஹைலைட்டர் அடிச்சு, அப்புறம் எல்லாத்தையும் திரும்பி அடுக்கி. இங்கதான் பேட்டர்ன் கீப்பர் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. எல்லா பேஜையும் ஒட்டி ஒரே பெரிய சார்ட்டா காட்டுது, பேஜ் எங்க முடியுதுன்னே நமக்குத் தோணாது, அதனால அங்க நிறுத்தணும்னும் தோணாது. ஒரு சிம்பலைத் (ஒவ்வொரு கலருக்கும் சார்ட்ல இருக்கற குறி) தொட்டா அது எங்கெங்க இருக்கோ அத்தனையும் பளிச்சுனு தெரியும், போட்ட தையலை விரலால இழுத்து மார்க் பண்ணிக்கலாம். அருவித் தண்ணில வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒரே மாதிரி பல ஷேடு இருக்கு, அங்கல்லாம் இது இல்லாம எனக்கு கையே ஓடல.

இன்னொரு நல்ல விஷயம், எந்த நம்பர்ல எத்தனை தையல்னு கணக்கு காட்டுது. 14 கவுண்ட்ல ரெண்டு இழை வச்சு போட்டா 8 மீட்டர் கண்டு ஒண்ணுல சுமாரா 1500 தையல் வரும்னு வச்சு மொத்தமா வாங்கிடலாம். ஏன் மொத்தமான்னா அதே நம்பரா இருந்தாலும் வேற சாய லாட் (வேற தடவை சாயம் போட்ட நூல்) வந்தா வானம், பாறை மாதிரி பெரிய இடத்துல அதுவும் ஒரு கோடா நிக்கும். இங்க ஃபேன்சி ஸ்டோர்ல ஆங்கர் நூல் கிடைக்குது, ஆனா ஒரே ஷேடுல பத்து கண்டு கேட்டா வரவழைச்சுதான் தராங்க, அதான் முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. பெங்களூர் பக்கம் போறவங்க சிக்பேட்ல தேடிப் பாருங்க.

ஆப் பண்ணாதது என்னன்னு பார்த்தா ஊசி வேலை. காலி ஓட்டைல மேல வாங்க, நூல் இருக்கற ஓட்டைல கீழ இறங்குங்க. நூல் இருக்கற ஓட்டைல கீழ இருந்து ஊசியைக் குத்துனா பழைய இழை பிளந்து மேல எழும்பி வந்துடும், ஓரத்துல அப்படியே மேடா தெரியும். இதுக்காக ஒரு கால் (X-ல ஒரு சாய்வுக் கோடு) போடற திசையை மாத்திக்கலாம், தப்பில்ல, ஆனா மேல் கால் சாய்ஞ்சிருக்கற பக்கம் மட்டும் படம் முழுக்க ஒண்ணாவே இருக்கணும். அப்புறம் பின்பக்கம் நூல் முனைங்களை எல்லாம் பேஜ் ஓரத்துலயே சொருகாதீங்க, அது வரிசையா தடிச்சு முன்னாடி தள்ளும், இதை யாரும் சொல்றதே இல்ல. நூலும் நீளமா எடுக்க வேண்டாம், ஒன்றரை அடி போதும், நீளமா எடுத்தா கடைசில தேஞ்சு பஞ்சு பஞ்சா ஆயிடுது, அந்தத் தையல் மட்டும் மங்கலா தெரியும். கட்டம் பிரிக்க பேனாவுக்கு பதிலா மெல்லிசான தூண்டில் நரம்பை பத்துக்குப் பத்து ஓட்டிக்கறேன், ஊசி அதைக் குத்தாது, முடிஞ்சதும் உருவிடலாம், கறை பயமே இல்ல.

குறைன்னு பார்த்தா ஸ்கேன் பண்ண சார்ட், போட்டோ எடுத்த சார்ட் எல்லாம் இதுல வேலை செய்யாது, சிம்பல் எழுத்தா இருக்கற பிடிஎஃப் வேணும். சின்ன போன்ல கண்ணு வலிக்கும், வீட்ல பசங்களோட பழைய டேப் இருந்தா அதுல போட்டுக்கங்க. 100க்கு 100க்குள்ள சின்ன படம்னா பேப்பரே போதும், இதுக்குக் காசு குடுக்க வேண்டாம். பெரிய படம்னா முதல்ல ட்ரையல்ல உங்க பிடிஎஃப்பை ஏத்தி சிம்பல் எல்லாம் சரியா வருதான்னு பாருங்க, வந்தா மட்டும் வாங்குங்க.