யூடிவி (பின்னால பெட்டி வச்ச ரெண்டு சீட்டு பக்கி வண்டி) வாங்க யோசிக்கிற மலையகத்து ஆளுங்க ஒரு நிமிசம் நில்லுங்க

ரெண்டு வாரத்துல மூணு பேரு எங்கிட்ட கேட்டுட்டாங்க, "அண்ணே அந்த பக்கி வண்டி எப்படி, நாங்களும் ஒண்ணு பாத்து வச்சிருக்கோம்"னு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி சொல்லி வாய் வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிப் போடுறேன். கொஞ்சம் நீளம்தான். லட்சக்கணக்குல காசு போடப் போறவங்க பொறுமையா படிங்க.

எனக்கு கந்தப்பளைக்கு மேல ரெண்டு ஏக்கர் குத்தகை காணி. கரட், லீக்ஸ், ஒரு போகம் கிழங்கு. தார் ரோட்டுல இருந்து காணிக்கு முக்கா கிலோமீட்டர் இருக்கும், பாதை அஞ்சடி அகலம், பாதி தூரம் கொங்கிரீட் போட்டிருக்கு மீதி செம்மண்ணு, மழை பேஞ்சா சவர்க்காரம் மாதிரி வழுக்கும். நடுவுல ஒரு துண்டு மட்டும் சமமா இருக்கும், அது நானுஓயாவுல இருந்து ராகலைக்கு ஒரு காலத்துல சின்ன ரயில் ஓடின பாதைன்னு தாத்தா சொல்வாரு, வெள்ளக்காரன் போட்டதுல எங்களுக்கு மிஞ்சினது அந்த சமதரை மட்டும்தான். கீழ இருந்து கோழி எருவும் உரமும் மேல போகணும், மேல இருந்து மூட்டை கீழ வரணும், எல்லாம் தோள்லதான். மூட்டைக்கு 150 ரூபா கூலி, அதுக்கும் இப்ப ஆள் கிடைக்கிறதில்ல, பொடியனுங்க எல்லாம் கொழும்புக்கு போயிட்டானுங்க.

அப்ப என்ன வண்டி வாங்கலாம்னு பாத்தா டிமோ பட்டா சின்ன லொறி அந்த பாதைக்கு சரிவராது, அதுவே கிட்டத்தட்ட அஞ்சடி அகலம். த்ரீவீல் ஏத்தத்துல லோடோட முன் சில்லு தூக்கிரும். லேண்ட்மாஸ்டர், அதான் ரெண்டு சில்லு கைப்பிடி டிராக்டர், எங்க வேணும்னாலும் போகும், ஆனா லோடு ஏத்திட்டு இறக்கத்துல வரும்போது வலது பக்க பிடிய அமுக்கினா வண்டி இடது பக்கம் திரும்பும், மேட்டுல ஒரு மாதிரி இறக்கத்துல நேர் எதிர் மாதிரி. எங்க சித்தப்பா அதுலதான் கால ஒடச்சிக்கிட்டாரு, அதனால வீட்டுல லேண்ட்மாஸ்டர்னாலே வேணாம்னுட்டாங்க. நான் வண்டி தேடினது 2023ல. 2020 மார்ச்சுல வண்டி இறக்குமதிய நிப்பாட்டினதுல இருந்து பழைய வண்டி எல்லாம் யானை வெல, கண்டம் பண்ண வேண்டிய வேனுக்கும் இருவது லட்சம் கேட்டாங்க. அந்த நேரத்துலதான் மச்சான் ஒரு வீடியோ காட்டினான், ரெண்டு சீட்டு, பின்னால சின்ன பெட்டி, மேல கம்பிக் கூண்டு, சேத்துல குதிச்சி குதிச்சி போகுது. சைட்-பை-சைட்டுன்னு பேராம், யூடிவின்னும் சொல்றாங்க. நாலடி நாலு அங்குலம்தான் அகலம். பாத்த ஒடனே மனசுல விழுந்துருச்சு, அங்கதான் தப்பு ஆரம்பிச்சது.

வெளம்பரம் நீர்கொழும்பு பக்கம் ஒரு யார்டு. பேரு போடல, போட்டா எனக்கே வம்பு. நானும் மச்சானும் ராத்திரி பஸ் ஏறி காலையில போய் எறங்கினோம். அங்க இருந்த தம்பி நல்லா தமிழ் பேசினாரு, "வாங்கண்ணே, சாப்டீங்களாண்ணே"ன்னு ஃபிஷ் பன்னும் பிளேன்டியும் வாங்கிக் குடுத்தாரு. வண்டி பளபளன்னு செவப்பு கலர்ல நின்னுச்சு, புது பெயின்ட் வாடை இன்னும் போகல. சீட்டு கவர் புதுசு. மீட்டர்ல 312 மணித்தியாலம் காட்டுச்சு (இதுல கிலோமீட்டர விட எஞ்சின் ஓடின நேரம்தான் கணக்கு). "ஜப்பான்ல ஒரு பெரியவரு தோட்டத்துல புல்லு ஏத்தத்தான் வச்சிருந்தாரு அண்ணே"ன்னாரு. எத்தன ஜப்பான் பெரியவருங்க இருக்காங்களோ தெரியல, இலங்கைக்கு வர்ற எல்லா வண்டியும் அவங்க வச்சிருந்ததுதான்.

ஓட்டிப் பாக்க குடுத்தாரு. கொங்கிரீட் போட்ட சமதரை, பெட்டி காலி, கடல் மட்டம். பறந்துச்சு. ஃபோர் வீல் சுவிட்சத் தட்டினா டேஷ்போட்டுல லைட் எரிஞ்சிச்சு, நானும் ஃபோர் வீல் வேல செய்யுதுன்னு நெனச்சிட்டேன். லைட்டு எரிஞ்சா வேல செய்யுதுன்னு எவன் சொன்னான்? ஆனா அந்த நேரத்துல அப்படி தோணாது.

எவ்வளவு லோடு போடலாம்னு கேட்டேன். "அரை டன் தாராளமா"ன்னாரு. இத நல்லா கேட்டுக்குங்க. இந்த சின்ன சைஸ் வண்டிங்கள்ல பெட்டியில ஏத்துறது வேற, பின்னால கட்டி இழுக்கிறது வேற. உதாரணத்துக்கு கவாசாக்கி மியூல் எஸ்எக்ஸ், 401 சிசி எஞ்சின், அதோட புத்தகத்துல இழுவை 1100 றாத்தல் போட்டிருக்கு, அதாவது அரை டன்தான், ஆனா பெட்டிக்கு 400 றாத்தல், 181 கிலோ. கிழங்கு மூட்டைன்னா மூணரை. அந்த தம்பி இழுக்கிற கணக்க எனக்கு ஏத்துற கணக்கா சொல்லிட்டாரு, தெரிஞ்சே சொன்னாரா தெரியாம சொன்னாரா அவருக்கே வெளிச்சம். நானும் புத்தகத்த கேக்கல.

பேப்பர் கேட்டதுக்கு, "கஸ்டம்ஸ் பேப்பர் இருக்கு அண்ணே, மூணு மாசத்துல ரெஜிஸ்டர் பண்ணி நம்பர் எடுத்து தாரேன், இல்லாட்டியும் காணிக்குள்ள ஓட்ட நம்பர் எதுக்கு"ன்னு ஒரு போட்டோகொப்பி குடுத்தாரு. வெல 11,75,000. வீட்டுக்காரியோட நகைய அடகு வச்சு, சீட்டுக் காச முன்னுக்கு எடுத்து, மீதி மாமனார்கிட்ட கைமாத்து. பில்லுல 4,00,000 தான் எழுதினாரு, "வரிப் பிரச்சினை அண்ணே"ன்னாரு, சரின்னு வாங்கிக்கிட்டேன். இப்ப நெனச்சாலும் எனக்கே என்ன அறையணும் போல இருக்கு.

மொத பத்து நாள் ராஜாதான். லயத்துப் பிள்ளைங்க எல்லாம் பின்னால ஓடி வரும், கோயில் திருவிழாவுக்கு வாழை மரம், தோரணம் எல்லாம் அதுலதான் ஏத்திட்டுப் போனோம். அதுக்கப்புறம் உரம் ஏத்த ஆரம்பிச்சேன்.

நாலு மூட்டை உரத்தோட மேட்டுல வண்டி மூச்சு வாங்குது. முதல்ல எஞ்சின் போச்சுன்னு பயந்தேன். பாதி காரணம் நம்ம எடம். நுவரெலியாவே 1868 மீட்டர், கந்தப்பளை அதுக்கும் மேல. காத்து லேசா இருக்கிறதால ஆயிரம் மீட்டருக்கு பத்து வீதம் மாதிரி எஞ்சின் பலம் கொறையும், கடற்கரையில பறந்த வண்டி இங்க அஞ்சுல ஒரு பங்கு பலம் இல்லாமத்தான் ஏறும். அதனாலதான் நீர்கொழும்புல ஓட்டிப் பாத்ததுக்கு அர்த்தமே இல்லங்கிறேன். மூணாவது வாரம் ரப்பர் கருகின நாத்தம், பெல்ட் போச்சு. இந்த வண்டிங்க பலதுலயும் நம்ம வேன் மாதிரி கியர் பொட்டி கிடையாது, ரெண்டு புல்லிக்கு நடுவுல ஒரு பெல்ட்டுதான் எல்லாத்தையும் இழுக்குது, சிவிடின்னு சொல்வாங்க. ஏத்தத்துல லோடோட மெதுவா போகும்போது கட்டாயம் லோவுல (மெதுவா பலமா இழுக்கிற நிலை) போடணும், இல்லாட்டி பெல்ட் நழுவி சூடாகி எரிஞ்சிரும். நான் ஹையிலயே ஏத்தினேன், அது என் தப்பு. ஆனா நுவரெலியாவுல ஒரு மெக்கானிக் பாஸ் கழட்டிப் பாத்துட்டு, "தம்பி இது இந்த வண்டியோட பெல்ட்டே இல்ல, அகலம் கொறஞ்சது, வேற எதுலயோ இருந்து எடுத்து போட்டிருக்கான்"னாரு. சரியான பெல்ட் இங்க எந்த கடையிலயும் இல்ல, வெளிநாட்டுல இருந்து எடுப்பிச்சு வந்து சேர ஏழு வாரம், 38,000 ரூபா. ஏழு வாரமும் வண்டி தார்ப்பாய்க்குள்ள, மூட்டை பழையபடி தோள்ல.

பெட்ரோல் கதை தனி. அப்ப பெட்ரோல கியூஆர் கோட்டாவுல அளந்து குடுத்த நேரம், ரெஜிஸ்டர் இல்லாத வண்டிக்கு கியூஆர் எங்க எடுக்கிறது? மச்சானோட பைக் கோட்டாவுல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஊத்தினோம். நல்லவேளை செப்டெம்பர்ல கியூஆர நிப்பாட்டிட்டாங்க.

ஒக்டோபர் கடைசி, ஒரு கிழம மழை. கிழங்கு தோண்டியாச்சு, லொறி கீழ வந்து நிக்குது. அரை டன்னு சொன்னாரேன்னு ஏழு மூட்டை போட்டேன், 350 கிலோ. ஃபோர் வீல் லைட்டப் போட்டுட்டு இறங்குறேன். எங்க செம்மண்ணு முடிஞ்சி கொங்கிரீட் ஆரம்பிக்குதோ அந்த வளைவுல கால எடுத்தேன், எஞ்சின் புடிக்கவே இல்ல. இதுவும் யாரும் சொல்லித் தரல. சில பெல்ட் வண்டிங்கள்ல ஆக்சிலேட்டர விட்டா பெல்ட் தளர்ந்து வண்டி நியூட்ரல்ல போற மாதிரி சும்மா உருளும், வேன்ல செகண்ட் கியர்ல இறக்கிற மாதிரி இறக்க முடியாது. பிரேக்க மிதிச்சேன், பின் சில்லு ரெண்டும் நின்னுக்கிட்டு வழுக்குது. மச்சான் குதிச்சிட்டான். வண்டி மேட்டுப் பக்கம் மோதி அப்படியே சரிஞ்சி படுத்துருச்சு. இந்தப் பக்கம் சாய்ஞ்சதால இத எழுதுறேன், அந்தப் பக்கம்னா கீழ தேயிலை, அதுக்கும் கீழ ஓடை.

தோள்பட்டை எறங்கி நுவரெலியா ஆஸ்பத்திரியில ரெண்டு நாள். அது பரவாயில்ல. வண்டிய தூக்கி நிமித்தும்போதுதான் மச்சான் கூப்பிட்டு காட்டினான், மேல இருக்கிற கம்பிக் கூண்டு வலது பின் தூண்ல ரெண்டா விட்டுப்போய் கெடக்கு. முறிஞ்ச எடத்துல பழைய வெல்டிங், உள்ளுக்க பட்டி பூசி தேச்சு மேல பெயின்ட். கன்டெய்னருக்குள்ள ஒண்ணுக்கு மேல ஒண்ணு அடுக்க கூண்ட அறுத்திருப்பான், இங்க வந்து ஒட்ட வச்சிருக்கான்னு பாஸ் சொன்னாரு. அந்தக் கூண்டு இருக்கிறதே வண்டி கவுந்தா நம்ம தலைய காப்பாத்தத்தான். அத அறுத்து ஒட்டினா அது வெறும் அழகுக்கு.

பாஸ் வண்டிய நாலு பக்கமும் ஜாக்குல தூக்கினாரு. முன் சில்லுக்கு போற ஷாஃப்ட்டே இல்ல! சுவிட்சும் லைட்டும் மட்டும் இருக்கு. 312 மணித்தியால மீட்டரும் மாத்தினது, பிரேக் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சி போயிருக்கு, பெட்டி தரை பெயின்ட்டுக்கு கீழ ஆயிரம் நெளிவு, அது முன்னூறு மணித்தியாலத்துல வராது.

யார்டு தம்பிக்கு போன் எடுத்தேன். மொத நாள் "பாக்குறேன் அண்ணே", ரெண்டாம் நாள் "நீங்க ஓவர்லோட் போட்டிருக்கீங்க", மூணாம் நாள் நம்பர் வேல செய்யல. கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) போட்டோகொப்பிய எடுத்துட்டு போனா, பேப்பர்ல இருக்கிற செசி நம்பருக்கும் வண்டியில அடிச்சிருக்கிற நம்பருக்கும் ஒரு இலக்கம் வித்தியாசம், இத வச்சு எந்தக் காலத்துலயும் ரெஜிஸ்டர் பண்ண ஏலாதுன்னுட்டாங்க. இடையில ஒரு நாள் சரிபார்க்க கொண்டு போகும்போது மெயின் ரோட்டுல இருநூறு மீட்டர்தான், பொலிஸ் புடிச்சி கேஸ் போட்டு கோர்ட்டுல தண்டம் கட்டினது தனி. காணிக்குள்ள ஓட்ட நம்பர் எதுக்குன்னாரே, காணிக்கும் வீட்டுக்கும் நடுவுல ரோடு இருக்கு தம்பி.

நுகர்வோர் அதிகார சபைக்கு 1977க்கு அடிச்சேன், மரியாதையாத்தான் பேசினாங்க, பில்லக் கேட்டாங்க. பில்லுல 4,00,000, அதுலயும் "மெஷினரி பார்ட்ஸ், உள்ளபடியே விற்கப்பட்டது"ன்னு சிங்களத்துல கீழ சின்னதா இருக்கு. நான் வாங்கினது வண்டியே இல்ல, உதிரிப்பாகம். முறைப்பாடு குடுத்திருக்கேன், இழுத்துக்கிட்டு கெடக்கு. மீதி 7,75,000க்கு எங்கிட்ட ஒரு துண்டு கூட இல்ல.

இவ்வளவு சொன்னாலும் அந்த வண்டி வகையே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். நம்ம பாதைக்கு அது மாதிரி ஒண்ணு வேணும்தான். பக்கத்து எஸ்டேட்டுல ஒரு குபோட்டா டீசல் நிக்குது, அதுல பெல்ட்டே இல்ல, எண்ணெய் அழுத்தத்துல ஓடுற ஹைட்ரோஸ்டேட்டிக், இறக்கத்துல கால எடுத்தா புடிச்சி நிக்குது, வெலையும் அதுக்கேத்த மாதிரி. பாக்கப் போறவங்க ஒரு காந்தத்த பொக்கெட்டுல போட்டுட்டு போங்க, கூண்டுத் தூண் பூரா ஓட்டிப் பாருங்க, எங்க புடி கொறையுதோ அங்க பட்டி. முன் சில்லு ரெண்டையும் தூக்கி ஃபோர் வீல்ல போட்டு சுத்துதான்னு கண்ணால பாருங்க. செசி நம்பர பேப்பரோட ஒவ்வொரு இலக்கமா ஒப்பிடுங்க, ரெஜிஸ்டர் ஆகாம முழுக் காச குடுக்காதீங்க, குடுத்த காச முழுசா பில்லுல எழுதச் சொல்லுங்க. முடிஞ்சா உங்க ஊர் மேட்டுல, உங்க மூட்டையோட ஓட்டிக் காட்டினாத்தான் அட்வான்ஸ்னு சொல்லுங்க. வர மாட்டேன்னா அதுவே பதில்தான்.

என் வண்டி இப்ப லயத்துக்குப் பின்னால நிக்குது, கோழி அடையுது. போன மாசம் வெலிமடையில இருந்து ஒருத்தர் வந்தாரு, நாலரை லட்சம் தாரேன், பெயின்ட் அடிச்சி ஓட்டிக்கிறேன்னாரு. வீட்டுக்காரி என் மூஞ்சப் பாத்தா, அடகுக்கடை வட்டி கட்டுற நாள் வேற. நான் அவர கூட்டிட்டுப் போய் வலது பின் தூண காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்தாரு, டீய குடிச்சாரு, போயிட்டாரு.