சுண்டுவிரலில் தொடங்கிய விசாரணை: சத்துவாச்சாரியில் ஒரு பிசியோதெரபி நிலையம்

எனக்கு வயது 26. ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை. நாள் முழுக்க மெஷின் மேல் குனிந்தே இருக்க வேண்டும். மார்ச்சில் இடுப்பில் பிடித்த வலி, இரண்டே வாரத்தில் இடது தொடையின் பின்பக்கமாக இறங்கிப் பாதத்தை மரத்துப்போகச் செய்துவிட்டது. பிரசவத்தில் கால் முதலில் வெளிவந்து பிறந்தவர் மிதித்தால் வலி போகும் என்று நம்பி, அப்படிப் பிறந்த பக்கத்து வீட்டுப் பையனை என் இடுப்பில் மிதிக்கச் சொன்னார் அம்மா. முதலில் போன ஒரு கிளினிக்கில் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஜவ்வு விலகியிருக்கிறது என்று சொல்லி பெல்ட்டும் மாத்திரையும் கொடுத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள இந்த பிசியோதெரபி நிலையத்தில் முதல் நாளே 45 நிமிடம் பார்த்தார்கள். “மரத்துப்போன இடத்தை விரலால் கோடு போட்டுக் காட்டும்மா” என்றார் அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் அக்கா. என் கோடு பாதத்தின் வெளி விளிம்பு வழியாகச் சுண்டுவிரலில் முடிந்தது. அது முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து காலுக்கு இறங்கும் எஸ் 1 என்ற நரம்பின் பாதையாம். பெருவிரல் பக்கம் மரத்திருந்தால் அதற்கு மேலே உள்ள எல் 5 நரம்பைச் சந்தேகிப்பார்களாம். சிறு சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினார். வலது கால் துள்ளியது, இடது கால் அசையவே இல்லை. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னார். இடது காலில் மூன்று முறைக்கு மேல் முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குப் பிறகும், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் கேள்விகள் நிற்கவில்லை. காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடமாடினால் இளகுகிறதா? இளம் வயதில் அப்படி இருந்தால் முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். இரண்டு பாதமும் சேர்ந்து மரக்கிறதா? அப்படியானால் சர்க்கரையும் வைட்டமின் பி 12-உம் பார்க்க வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு உண்டா? எலும்பிலும் காசநோய் வரும். பக்கத்துக் கட்டிலில் இருந்த கல்லூரி மாணவரிடம், பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸோடு பைக் ஓட்டுகிறாரா என்று கேட்டார். புட்டத்து நரம்பை அதுவும் அழுத்துமாம். உட்காரும் இடம் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று மூன்று முறை சொன்னார்.

கால் பலம் குறைந்திருந்ததால் அவரே கடிதம் எழுதி முதுகெலும்பு மருத்துவரிடம் அனுப்பினார். எஸ் 1 நரம்பை டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வு, அழுத்துவது ஸ்கேனில் தெரிந்தது. அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம், பயிற்சியைத் தொடரலாம் என்றார் மருத்துவர்.

குறையும் உண்டு. நிலையம் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை, படிகள் செங்குத்து. முதுகு வலிக்காரர்களை இப்படி ஏற வைப்பது நியாயமே இல்லை. மாலை 6 மணிக்கு மேல் கூட்டம் நெரிகிறது. முதல் முறைக்கு 400 ரூபாய், பிறகு 300.

11 வாரம் ஆகிறது. தொழிற்சாலையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். இடது குதிகாலைப் பத்து முறை தூக்குகிறேன். சுண்டுவிரல் நுனியில் மட்டும் மரப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.